பாத்திரம் என்ன ஆச்சு

ஜூன் மாதம் முழுக்க
ஸ்பிரிங்வேலில் இருந்து கோல்ஃபீல்டு வரை
ரயில் ஓடாதாம்.
ஆரஞ்சுச் சட்டைக்காரர் கை நீட்டிய பக்கம்
வரிசையாகப் போய்ப் பேருந்தில் ஏறுகிறோம்.
ரயிலில் யாரும் யாரோடும் பேசியதில்லை.
இங்கே முழங்காலோடு முழங்கால் இடிக்கிறது,
பேசாமல் எப்படி இருப்பது.

ஜன்னலோரம் கோரான்.
குளியலறைகளுக்கு ஓடு பதிக்கிறவர்.
மடியில் பழைய ஊறுகாய் பாட்டில்,
உள்ளே பாலில் ஊறிய ஓட்ஸ்.
'சமைக்கவே மாட்டீர்களா?'
'ராத்திரி அது தானாகச் சமைந்துவிடும்.
நான் தூங்குவேன்.'
சில்லென்று, வெள்ளையாக, கரண்டி நிறைய.
பார்த்த எனக்குப் பல் கூசியது.

நான் என் முறையைச் சொன்னேன்.
முதலில் வெறும் வாணலியில் வறுக்க வேண்டும்.
வாசம் வந்ததும் கொட்டி வைத்துவிட்டு
கடுகு, உளுந்து, பச்சை மிளகாய்,
நாலு டாலருக்குப் பத்தே இணுக்கு தருகிறார்களே
அந்தக் கறிவேப்பிலை.
ஒன்றுக்கு ஒன்றரை தண்ணீர்.
இரண்டு வைத்தால் களி.

'ஓட்ஸில் மிளகாயா?'
சுவரில் ஓட்டைத் தலைகீழாகப் பதித்துவிட்டு
நன்றாக இருக்கிறதா என்று கேட்டவளைப் போல
என்னைப் பார்த்தார்.

முன் இருக்கையில் இருந்த துயி திரும்பினாள்,
செவிலியர் படிப்பு, மூன்றாம் வருடம்.
'எங்கள் வீட்டில் காய்ச்சல் வந்தால்தான் கஞ்சி.
தினமும் குடிக்கிறீர்களே,
உங்கள் ரெண்டு பேருக்கும் என்ன வியாதி?'
எனக்கு ஆறு புள்ளி எட்டு என்றேன்.
ஏழு புள்ளி ஒன்று என்றார் கோரான்,
ஜெயித்தவர் குரலில்.

ஓட்டுநர் புதியவர்.
கிளேட்டன் ஸ்டேஷனை விட்டுவிட்டு
எங்கோ ஒரு மெத்தைக் கடை வாசல் வரை போய்விட்டார்.
பின்னாலிருந்து மூன்று பேர் மூன்று வழி சொன்னார்கள்.
மூன்றிலும் ரவுண்டானா இருந்தது.
பேருந்து முனகிக்கொண்டே திரும்புகையில்
கோரான் விட்ட இடத்தைப் பிடித்தார்:
'தண்ணீர் ஊற்றியபின் எத்தனை நிமிடம்?'
'மூடி போட்டு, தீயைக் குறைத்து,
ஐந்து நிமிடம். அப்புறம்...'

அப்புறம்.

அணைத்தேனா?

மூடி போட்டது ஞாபகம் இருக்கிறது.
ஷூ லேஸ் கட்டியது ஞாபகம் இருக்கிறது.
டப்பாவில் எடுத்து வைத்தது இல்லை,
பையைத் திறந்து பார்த்தேன், டப்பாவே இல்லை.
இன்பன் ஐந்து மணிக்கே ஜீலாங் போய்விட்டான்.
பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாது,
அவர் நாயின் பெயர் தெரியும்.

ஹண்டிங்டேலில் குதித்து
எதிர்ப்பக்கப் பேருந்துக்கு நின்றேன்.
இருபத்திரண்டு நிமிடம் என்றது பலகை.
தீயணைப்பு வண்டி ஒன்று அலறிக்கொண்டு போனது,
என் தெருவுக்கு நேர் எதிர்த் திசையில்தான்.
ஆனாலும் அது மறையும்வரை பார்த்தேன்.

அடுப்பு அணைந்திருந்தது.
குமிழைத் திருகிப் பார்த்தேன், இரண்டு தரம்.
மூடியைத் தூக்கினால்
கரண்டி நட்டக்குத்தலாக நின்றது.
கோட்டைக் கழற்றாமல், நின்றுகொண்டே,
எலுமிச்சை ஊறுகாயைத் தொட்டு
பாத்திரத்திலிருந்தே பெயர்த்துத் தின்றேன்.
மேலாளருக்கு 'ரயில் பிரச்சினை' என்று அனுப்பினேன்.
பொய்யில்லை. ரயிலே இல்லை.

மறுநாள் வரிசையில்
பத்து ஆளுக்கு முன்னாலிருந்து கோரான் கத்தினார்:
'பாத்திரம் என்ன ஆச்சு?'
எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
'அணைத்துத்தான் இருந்தது.
ஆனால் இறுகிவிட்டது, உங்கள் ஓட்டுக்கு நடுவே
பூசுவீர்களே, அது மாதிரி.'
'எவ்வளவு நேரம் ஆறவிட்டாய்?'
'ஒன்றரை மணி.'
'போதாது. நான் ஒரு நாள் விடுவேன்.'

உட்கார்ந்ததும் பாட்டிலைத் திறந்தார்.
பாலின் நடுவே, காம்போடு,
முழுசாக ஒரு பச்சை மிளகாய் மிதந்தது.
என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

'கீறவாவது வேண்டும்' என்றேன்.